ஒன்பது ரூபாய்க் கல்லும் நூறு ரூபாய்க் கல்லும்

வீடு கட்டப் புறப்பட்டவர் எந்தக் கடைவாசலில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது ஒற்றைக் கல்லின் விலைதான். சேம்பர் செங்கல் ஒன்று 9 ரூபாய், ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) ஒன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இந்தக் கட்டுரையில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டது, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.) கேட்டதும் மனம் ஒன்பதின் பக்கம் சாய்கிறது. பிளாக் பெரிதாயிற்றே என்று உடனே தன்னைத் திருத்தியும் கொள்கிறது. எவ்வளவு பெரிது? இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் மாடுலர் செங்கல்லின் அளவு 190 × 90 × 90 மில்லிமீட்டர். பூசிய கலவையோடு சேர்ந்து சுவரில் அது அடைக்கும் இடம் 200 × 100 × 100. ஏஏசி பிளாக்கில் வழக்கமான ஓர் அளவு 600 × 200 × 200. ஆக, ஒரு பிளாக் உட்காரும் இடத்தில் பன்னிரண்டு செங்கல் உட்காரும். பன்னிரண்டு செங்கல் 108 ரூபாய், ஒரு பிளாக் 100 ரூபாய். பெரிய வித்தியாசம் இல்லை, ஏதோ ஒன்று வாங்கலாம் என்று பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாத இடம் இது. ‘எது மலிவு?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண் விடையாகாது. எந்த விலைவரை மலிவு, எவ்வளவு கட்டினால் மலிவு என்று சொல்வதுதான் விடை. அதைச் சொல்ல ஒன்பதாம் வகுப்பில் படித்து மறந்துபோன நேரியல் சமன்பாடு போதும்.

ஒரு கன மீட்டர் சுவரை எடுத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் தடிமனில் அது 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடிச் சுவர். அதற்கு மாடுலர் செங்கல் 500 வேண்டும். செங்கற்களின் கன அளவை மட்டும் கூட்டினால் 0.77 கன மீட்டர்தான் வருகிறது, மீதி 0.23 கன மீட்டர் முழுவதும் கலவை. செங்கல் சுவரின் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு செங்கல்லே இல்லை என்பது ஒற்றைக் கல்லின் விலையில் எங்கேயும் தெரியாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் சேர்ந்த கலவையில், குழையும்போது சுருங்குவதையும் சிந்துவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் ஒன்றேகால் மூட்டை சிமெண்டும் 9 கன அடி எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) போகும். மூட்டை 360 ரூபாய், மணல் கன அடி 65 ரூபாய் என்றால் கலவைக்கு மட்டும் 1,035 ரூபாய். ஏஏசி பிளாக்குகளை ஒட்டுவது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பசைக் கலவை. பிளாக்கின் பக்கங்களை அளந்து பெருக்கினால் கன மீட்டருக்கு 30 கிலோ அளவில் வருகிறது. அதற்கு 300 ரூபாய் வைக்கலாம். இனிச் சமன்பாடு தானாக எழுகிறது. செங்கல் விலையைச் ‘செ’ என்றும், பிளாக் விலையைப் ‘பி’ என்றும் குறித்தால், செங்கல் சுவரின் பொருட்செலவு 500 செ + 1,035. பிளாக் சுவரின் செலவு 41.67 பி + 300. நம் விலைகளைப் போட்டால் செங்கல் சுவர் 5,535 ரூபாய், பிளாக் சுவர் 4,467 ரூபாய். கல்லை மட்டும் பார்த்தபோது 100-க்கு 8 ரூபாயாக இருந்த வித்தியாசம், சுவராக எழும்பியதும் கன மீட்டருக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி வித்தியாசம் கல்லிலிருந்து வரவில்லை, கலவையிலிருந்து வந்தது.

விலை நிலையாக நிற்காதே, இன்று போட்ட கணக்கு அடுத்த மாதம் என்னாகும் என்பது இதற்கு உடனே எழும் மறுப்பு. நியாயமான மறுப்புதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைக் கல் காயாது, சூளை ஓடாது, செங்கல் விலை ஏறும். ஆனால் சமன்பாட்டின் அருமையே இந்த இடத்தில்தான் தெரிகிறது. இரண்டு செலவுகளும் சமமாகும் விலை எது என்று கேட்டுச் சுருக்கினால் கிடைப்பது: பி = 12 செ + 17.60. அதாவது, செங்கல் விலையைப் பன்னிரண்டால் பெருக்கி 17 ரூபாய் 60 காசு சேர். பிளாக் விலை அதற்குக் கீழே இருந்தால் பிளாக், மேலே போனால் செங்கல். செங்கல் 9 ரூபாய் என்றால் எல்லை 125 ரூபாய் 60 காசு. செங்கல் 7 ரூபாய்க்கு இறங்கினால் எல்லை 101 ரூபாய் 60 காசாகும். 100 ரூபாய் பிளாக் அப்போதும் தப்பிக்கிறது, ஆனால் மயிரிழையில். விலை மாறினால் விடை மாறும், விதி மாறாது. நிலையற்ற விலைகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவருக்கு இதைவிட வசதியான ஒற்றை வரி இருக்க முடியாது.

அதே வரிகள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கின்றன: எந்த விலையைக் கண்டு பதற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. வரிக் குறைப்பு முழுதும் வாங்குபவருக்கு வந்து சேர்ந்ததாகவே கொண்டால், 390 ரூபாய் மூட்டை 360-ஐ ஒட்டி இறங்கும். செங்கல் சுவரில் அதனால் மிச்சம் ஒன்றேகால் மூட்டைக்குச் சுமார் 38 ரூபாய், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. செங்கல் விலை ஒரே ஒரு ரூபாய் ஏறினால் 500 ரூபாய் போய்விடும். சிமெண்ட் விலை தலைப்புச் செய்தியாகிறது, செங்கல் விலை சூளைக்காரரோடு நின்றுவிடுகிறது; சுவரைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான். (கூரைக் கான்கிரீட்டுக்கு வந்தால் கதை வேறு, அங்கே சிமெண்டின் கெழு பெரிது.) சமன்பாட்டில் ஒரு விலையின் பக்கத்தில் நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். பேரம் பேச எந்தக் கடையில் எவ்வளவு நேரம் செலவழிக்கலாம் என்பதை அந்தக் கெழுவே சொல்லிவிடும்.

கூலியை ஏன் விட்டாய் என்று கேட்கலாம். சேர்த்தாலும் சமன்பாட்டின் உருவம் மாறாது என்பதால்தான் தள்ளிவைத்தேன். கொத்தனார், சித்தாள் கூலி செங்கல் சுவரில் கன மீட்டருக்கு 300 ரூபாய் கூடுதல் என்றால் 17.60 என்பது 24.80 ஆகும், அவ்வளவுதான். பசைக் கலவையில் கை பழகாத கொத்தனார் என்றால் கூடுதல் எதிர்ப்பக்கம் போய் 17.60 சுருங்கும். பன்னிரண்டு அப்படியே நிற்கும்.

நிற்குமா? அந்தப் பன்னிரண்டும் இயற்கை விதித்ததில்லை என்று காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் தங்கி ஆயிரக்கணக்கானோருக்குக் குறைந்த செலவில் கட்டிடம் எழுப்பிக் காட்டிய கட்டிடக் கலைஞர் அவர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல் படுக்கையாக வைக்கப்படுவதில்லை, விளிம்பில் நிமிர்த்தி வைக்கப்படுகிறது. அகலத்தைவிட உயரம் குறைந்த கல்லானால் சுவரின் நடுவே வெற்றிடம் விழுகிறது. ஒரே தடிமன் சுவருக்குச் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம். அகலமும் உயரமும் ஒன்றான நம் 190 × 90 × 90 கல்லில் இந்த வெற்றிடம் விழாது; ஆனாலும் விளக்கத்துக்காக அதே கால் பங்கு மிச்சத்தை நம் சமன்பாட்டில் வைத்தால் 500 என்பது 375 ஆகிறது. கலவையும் குறையும் என்றாலும் அதைத் தொடாமலே விட்டால், செலவு 375 × 9 + 1,035, அதாவது 4,410 ரூபாய். பிளாக் சுவரின் 4,467-ஐவிட இது 57 ரூபாய் குறைவு. விலை அதே விலை. அடுக்கும் முறை மட்டும் மாறியதும் தோற்ற பொருள் ஜெயித்துவிட்டது. எல்லைக்கோடும் பி = 9 செ + 17.60 என்று மாறுகிறது. பழகிய கொத்தனார் கிடைக்க வேண்டும், வேலை சற்று மெதுவாகும், மிச்சத்தில் ஒரு பங்கைக் கூலி தின்னும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும், நாம் ஒப்பிடுவது பொருளையா, பொருளைப் பயன்படுத்தும் முறையையா என்ற கேள்வியைக் கடை விலைப்பட்டியல் ஒருபோதும் எழுப்பியிருக்காது. கெழுவைத் தனியாக எழுதிவைத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

இதுவரை பேசியது சாய்வைப் பற்றி: ஒவ்வொரு கன மீட்டருக்கும் கூடிக்கொண்டே போகும் செலவு. ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே விழும் செலவும் உண்டு. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த ஆரோவில்லில் நெடுங்காலமாக ஆராய்ந்து பரப்பப்படும் அழுத்திய மண்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தோண்டிய மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமல் நீர் தெளித்துப் பதப்படுத்தும் கல் அது. விறகோ நிலக்கரியோ வேண்டாம், தூரத்திலிருந்து லாரியும் வேண்டாம். ஆகவே சாய்வு குறைவு. ஆனால் இயந்திர வாடகை, மண் பரிசோதனை, ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அந்தத் தொடக்கச் செலவு 40,000 ரூபாய், பிறகு கன மீட்டருக்கு 4,000 ரூபாய் என்று வைத்து, படுக்கைக் கட்டுச் செங்கல் சுவரின் 5,535-ஓடு ஒப்பிட்டால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வது 40,000 ÷ 1,535, அதாவது 26 கன மீட்டரில். எண்ணூறு சதுர அடியுள்ள சிறிய வீட்டின் சுவர்களை 20 சென்டிமீட்டர் தடிமனில் கட்டினால் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். தனி வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு, மண்கல்லில் பெரிய லாபம் ஒன்றுமில்லை என்று கைவிடுவார். அவர் கணக்கில் அது சரி. அதே தெருவில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் நூறு கன மீட்டரைத் தாண்டிவிடுவார்கள். லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். ஒரு பொருளை ‘சோதித்துப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை’ என்று ஒதுக்குபவர், எத்தனை கன மீட்டரில் சோதித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகம் நேர்கோட்டில் நடப்பதில்லையே என்பது கணிதம் தெரிந்தவர் எழுப்பும் மறுப்பு. இதில் பாதி உண்மை. லாரி வாடகையை எடுத்துக்கொள்வோம். 10 டன் லாரியில் மாடுலர் செங்கல் சுமார் 3,600 ஏறும், அது 7.2 கன மீட்டர் சுவருக்குப் போதும். கன மீட்டருக்கு 650 கிலோ எடையுள்ள ஏஏசி பிளாக் என்றால் அதே லாரியில் 15.4 கன மீட்டர் ஏறும். பக்கத்துச் சூளையிலிருந்து வரும் செங்கல் லோடுக்கு வாடகை 3,000, தொலைவிலிருக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாக் லோடுக்கு 13,000 என்று வைப்போம். ஒரே லோடு என்று கொண்டு நேர்கோடு போட்டால், 9.4 கன மீட்டரைத் தாண்டினால் பிளாக் மலிவு என்று வரும். ஆனால் 7.2-ஐத் தாண்டியதுமே செங்கல்லுக்கு இரண்டாவது லாரி வர வேண்டும். 3,000 ரூபாய் ஒரே தாவலில் ஏறுகிறது, பிளாக் அங்கேயே முந்திவிடுகிறது. பிறகு 15.4-இல் பிளாக்குக்கு இரண்டாவது லாரி. இப்போது 13,000 தாவுகிறது, அரை கன மீட்டர் தூரத்துக்கு மட்டும் செங்கல் மறுபடி மலிவாகிவிட்டு, திரும்பவும் பிளாக் முந்துகிறது. கோடு படிக்கட்டாகிவிட்டது, மெய்தான். ஆனாலும் இந்தப் படிகளைக் கண்டுபிடித்ததும் அதே நேர்கோட்டுத் துண்டுகளை வைத்துத்தான். வாடகையின் ஒவ்வொரு படியும் தட்டை, படிகளுக்கு இடையே மொத்தச் செலவின் சாய்வு மாறவில்லை. நேரியலைக் கைவிட வேண்டியதில்லை. லோடு லோடாக வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

நேரியல் உண்மையிலேயே கவிழ்கிற இடம் வேறு: தவறான அளவை மாறியாகப் பிடித்துக்கொள்ளும் இடம். முறுக்குக் கம்பியின் எடைக்குப் பொறியாளர்கள் கையாளும் சூத்திரம், மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 16 மில்லிமீட்டர் 1.58 கிலோ. தடிமன் இரட்டித்தால் விலை இரட்டிக்கும் என்று மதிப்பிட்டவர் நான்கு மடங்கு பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். கிலோவைக் கணக்கில் வைத்தால் செலவு நேர்கோடு, விட்டத்தை வைத்தால் வளைகோடு. ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று நம் ஊரில் பேசும் கான்ட்ராக்ட் விலையிலும் இதே கோளாறு ஒளிந்திருக்கிறது. 20 அடிக்கு 20 அடி அறைக்கு 400 சதுர அடித் தரை, சுற்றுச்சுவர் 80 அடி. 40-க்கு 40 என்றால் தரை 1,600 சதுர அடி, சுவரோ 160 அடிதான். தரை நான்கு மடங்கு, சுவர் இரண்டே மடங்கு. ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே சதுர அடி விலை என்பது பூஜ்யத்திலிருந்து புறப்படும் ஒரு கோடு. உண்மைச் செலவு அப்படிப் புறப்படுவதில்லை. சின்ன வீட்டுக்குப் பேசிய விலையிலேயே பெரிய வீட்டையும் பேசி முடிப்பவர், சுவருக்குத் தேவைக்கு மேல் பணம் கொடுத்துவிடுகிறார்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று: செங்கல்லும் பிளாக்கும் மண்கல்லும் ஒரே பொருளா, விலையை மட்டும் வைத்து ஒப்பிட? இல்லைதான். செங்கல் சுவரின் எடை கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ. ஏஏசி சுவர் அதில் பாதிகூட வராது. தூணும் உத்தரமும் தாங்கும் மாடிக் கட்டிடத்தில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு டன்னுக்கு மேல் பாரம் குறைகிறது, கம்பியும் கான்கிரீட்டும் மிச்சமாகின்றன. சுவரே கூரையைத் தாங்கும் தரைத்தள வீட்டில் அந்த மிச்சம் கிடைக்காது. ஏஏசி வெப்பத்தைச் செங்கல்லைவிடக் குறைவாகவே கடத்தும்; ஏசி ஓடும் அறையில் அது மின்கட்டணமாகத் தெரியும், ஏசி இல்லாத திண்ணையில் பணமாகத் தெரியாது. இவற்றில் ரூபாயாக மாற்ற முடிந்தவை சமன்பாட்டில் இன்னொரு உறுப்பாகச் சேர்ந்துகொள்ளும். மாற்ற முடியாதவற்றை, உதாரணமாகச் சுவர் தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை, செலவில் சேர்க்கக்கூடாது. அதை ஒரு வரம்பாக வைக்க வேண்டும். வரம்பைத் தொடாத பொருள் எவ்வளவு மலிவானாலும் பந்தயத்திலேயே இல்லை. இப்படி வரம்புகளுக்குள் நேரியல் செலவைக் குறைக்கும் கணிதத்துக்கு ஒரு தொடக்கம் கட்டுமானப் பொருளிலிருந்தே வந்தது. லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்று, எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் எவ்வளவு நேரம் அறுத்தால் உற்பத்தி அதிகமாகும் என்று கேட்டு 1938-இல் லியோனிட் கந்தரோவிச்சிடம் வந்தது. அடுத்த ஆண்டே அவர் அந்த முறையைச் சிறுநூலாக வெளியிட்டார். 1975-இல் பொருளாதார நோபலும் அவரைத் தேடி வந்தது. ஒட்டுப்பலகைக்குக் கிடைத்த மரியாதை என்றும் அதைச் சொல்லலாம்.

கடைசியாக, இதெல்லாம் கொத்தனாருக்கு வாய்ப்பாடாகத் தெரியும், சமன்பாடு எதற்கு என்பவர்களும் உண்டு. வாய்ப்பாடு பழமையானது, மதிப்புக்குரியது. பாபிலோனியர் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே 720 செங்கல்லை ஓர் அலகாக வைத்துச் சுவரையும் கூலியையும் கணக்கிட்டார்கள். களிமண் பலகைகளில் அந்த மாறிலிகள் பட்டியலாகவே இருக்கின்றன. வாய்ப்பாட்டின் சிக்கல் தவறாக இருப்பதில் இல்லை. எந்த அனுமானத்தில் பிறந்தது என்பதை அது மறந்துவிடுகிறது. கலவையோடு சேர்த்து 9 × 4½ × 3 அங்குலம் அடைக்கும் செங்கல் என்றால், நூறு சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்கு 1,067 கல் வேண்டும். ‘நூறு சதுர அடிக்கு ஆயிரத்துச் சொச்சம்’ என்று மனப்பாடமாக இருப்பது இந்தக் கல்லுக்குத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் கால் அங்குலம் குறைந்த கல்லை இன்னொரு சூளையில் ஒரு ரூபாய் குறைத்து 8 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவரின் முகத்தில் அது அடைப்பது 4¼ × 2¾ அங்குலம்தான். ஆகவே அதே சுவருக்கு 1,232 கல் வேண்டும். பழைய கல்லுக்கு 9,603 ரூபாய், மலிவுக் கல்லுக்கு 9,856. கலவையும் வைப்பு வேலையும் தனியே கூடும், சுவரும் கால் அங்குலம் மெலிந்திருக்கும். சூளைக்குப் போகிறவர் கால்குலேட்டரோடு ஒரு டேப்பையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், லோடு ஏறுவதற்கு முன்பே அந்த 253 ரூபாயைக் கண்டுபிடித்துவிடலாம்.